பாஞ்சாலங்குறிச்சி: இருமுறை இடிக்கப்பட்ட வீடும் பறிபோன பாளையமும்

முன்னுரை

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி செல்லும் சாலையில் பயணம் செய்தால், இருபுறமும் கரிசல் காடு விரிந்து கிடப்பதைக் காணலாம். அந்தக் கரிசலில், ஓட்டப்பிடாரத்திற்கு அருகில் உள்ள சிற்றூர் பாஞ்சாலங்குறிச்சி. இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. வீரபாண்டிய கட்டபொம்மனின் ஊர் என்பதால் தமிழ்நாட்டில் இந்தப் பெயரை அறியாத மாணவர் இருக்க மாட்டார்.

நான் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் மாணவர்களைச் சுற்றுலாவாக அங்கே அழைத்துச் சென்றதுண்டு. வாயிலைக் கண்டதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "ஐயா, கட்டபொம்மன் இந்தக் கோட்டையில்தான் இருந்தாரா?" என்பதுதான். "ஆம்" என்றால் பொய். "இல்லை" என்று மட்டும் சொன்னால் பாதி உண்மை. அவர் வாழ்ந்த கோட்டை 1799-இல் ஒரு முறையும் 1801-இல் மற்றொரு முறையும் இடிக்கப்பட்டது. இன்று நாம் பார்க்கும் கோட்டை 1974-இல் தமிழ்நாடு அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை.

கட்டபொம்மனின் வீரத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். இக்கட்டுரை அவருடைய வீட்டையும், அந்த வீட்டைத் தாங்கி நின்ற நிலத்தையும் பற்றியது. ஒரு வீட்டை வென்ற பிறகும் அதை ஏன் இடிக்க வேண்டும்? இடித்த பிறகும் அதன் பெயரை ஏன் அழிக்க வேண்டும்? நிலம் யாருக்குப் போனது? இவற்றுக்கு விடை தேடினால், தென்பாண்டிச் சீமையில் ஆட்சி கைமாறிய கதை தெளிவாக விளங்கும்.

பாளையம் என்பது என்ன?

16-ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கர், தம் தளவாய் அரியநாத முதலியாரின் துணையுடன் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார் என்பது வரலாறு. ஒவ்வொரு பாளையத்திற்கும் ஒரு தலைவர். அவரே பாளையக்காரர். தம் எல்லைக்குள் வரி வாங்குவது, வழக்குத் தீர்ப்பது, படை வைத்திருப்பது, ஊரைக் காவல் காப்பது ஆகியவை அவருடைய பொறுப்புகள். வசூலில் ஒரு பங்கை மேலரசுக்குக் கப்பமாகச் செலுத்த வேண்டும். போர் வந்தால் படையுடன் சென்று நிற்க வேண்டும்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் பாளையங்கள் இருந்தன. இராசபாளையத்தை அடுத்த சேத்தூர், கொல்லங்கொண்டான், இன்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்பெற்ற ஏழாயிரம்பண்ணை ஆகியவை பாளையங்களே. ஏழாயிரம்பண்ணையின் கதை பாஞ்சாலங்குறிச்சியின் கதையோடு பின்னிக் கிடக்கிறது.

பாளையத்தின் வருமானம் இரண்டு வகை. ஒன்று நிலத்திலிருந்து வரும் பங்கு. பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றியுள்ளது மழையை நம்பிய மானாவாரி நிலம். பருத்தியும் கம்பும் சோளமும் பனையும்தான் அந்த மண்ணின் செல்வம். மற்றொன்று காவல் வரி. ஊரில் களவு போனால், களவைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். இல்லையேல் அதற்கு ஈடு தர வேண்டும். இந்தப் பொறுப்புக்காக ஊரார் பாளையக்காரருக்குக் காவல் பணம் கொடுத்தனர். ஒருவருடைய காவல் அவர் பாளையத்தின் எல்லையைத் தாண்டி அயல் ஊர்களிலும் செல்வதுண்டு. ஆகவே பாளையக்காரரின் கோட்டை, அவர் குடும்பம் வாழும் வீடாகவும், வரி வந்து சேரும் கச்சேரியாகவும், தானியம் நிறையும் களஞ்சியமாகவும், ஊர் வழக்குப் பேசும் மன்றமாகவும் இருந்தது. அதன் வாசலுக்கு வந்துபோன மக்களுக்கு அரசாங்கம் என்பது அதுதான்.

மண்ணால் கட்டிய கோட்டை

பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயருக்கு மக்கள் ஒரு கதை சொல்வார்கள். வேட்டைக்குச் சென்ற இடத்தில் ஒரு முயல், துரத்திய நாய்களைத் திரும்பி நின்று விரட்டியதாம். முயலுக்கே வீரம் கொடுத்த மண் என்று அங்கே கோட்டை கட்டி, முன்னோர் ஒருவரான பாஞ்சாலனின் பெயரை வைத்தார்களாம். இது செவிவழிக் கதை. ஆனால் அந்த மண் உண்மையிலேயே வலிமையானது என்பதற்கு எதிரியின் சாட்சியே இருக்கிறது.

கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1801-ஆம் ஆண்டுப் போரில் கலந்துகொண்டவர். அவருடைய இராணுவ நினைவுக் குறிப்புகள் 1830-இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. கோட்டை ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்டது, முழுவதும் மண்ணால் ஆனது, சுவர் சுமார் 12 அடி உயரம், சிறு சிறு சதுரக் கொத்தளங்கள் உண்டு, சுற்றிலும் முள்வேலி என்று அவர் எழுதியிருக்கிறார். இந்த அளவைக் கணக்கிட்டால் சுமார் மூன்றரை ஏக்கர் வருகிறது. நம் ஊர் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் வளாகம் இந்த அளவுதான் இருக்கும். செஞ்சி, வேலூர்க் கோட்டைகளைப் பார்த்த கண்ணுக்கு இது மிகச் சிறியது.

ஆனால் மண் கோட்டைக்கு ஒரு நன்மை உண்டு. கல் சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் சிதறி விழும், உடைப்பு விரியும், அந்த வழியே படை ஏறும். நன்றாகப் பிசைந்து இறுகிய மண் சுவரோ குண்டைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். பதநீரும் கருப்பட்டியும் வைக்கோலும் சேர்த்துக் குழைத்த மண் என்று ஊரார் இன்றும் சொல்வார்கள். கலவை எதுவாயினும், அதன் உறுதியை வெல்ஷ் வியந்து எழுதியிருக்கிறார்.

கோட்டைக்குள்ளே கொலு மண்டபமும், குலதெய்வமான சக்கம்மாளின் கோயிலும் இருந்தன. கட்டபொம்மன் திருச்செந்தூர் முருகனிடம் பெரும் பக்தி கொண்டவர். திருச்செந்தூரில் உச்சிக்காலப் பூசை முடிந்ததும் வழியெங்கும் உள்ள மணி மண்டபங்களில் மணி ஒலித்து, அந்த ஓசை பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து சேர்ந்த பிறகே அவர் உணவு உண்பார் என்பது மரபு.

கப்பத்தில் தொடங்கிய சிக்கல்

1790-இல் கட்டபொம்மன் பட்டத்துக்கு வந்தார். அதே காலத்தில் ஆர்க்காட்டு நவாப் கடனில் மூழ்கியிருந்தார். கடன் கொடுத்த கிழக்கிந்தியக் கம்பெனி, அவரிடமிருந்து ஒவ்வோர் உரிமையாகப் பெற்றுக்கொண்டு வந்தது. 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போனது. அதுவரை கப்பம் என்பது அரசருக்குக் காட்டும் மரியாதை. மழை பொய்த்த ஆண்டில் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். கம்பெனியின் கணக்கில் அது நாள் தவறாமல் கட்ட வேண்டிய பாக்கி.

1798-இல் கட்டபொம்மன் செலுத்த வேண்டிய நிலுவை 3310 வராகன் என்று கலெக்டர் ஜாக்சன் கணக்கு வைத்தார். நேரில் வந்து காணும்படி உத்தரவிட்டார். கட்டபொம்மன் புறப்பட்டார். ஆனால் ஜாக்சனோ ஓர் ஊரில் நிற்கவில்லை. குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி, சேத்தூர், திருவில்லிபுத்தூர் என்று அவர் போன இடமெல்லாம் கட்டபொம்மனும் பின்தொடர்ந்தார். இவற்றில் சேத்தூரும் திருவில்லிபுத்தூரும் இன்று நம் மாவட்டத்தில் நாம் பேருந்தில் போய்வரும் ஊர்களே. கடைசியில் 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்திப்பு நிகழ்ந்தது. அதற்குள் நிலுவையில் பெரும்பகுதி கட்டப்பட்டு, 1080 வராகனே மீதம் இருந்தது. இருந்தும் கட்டபொம்மனையும் அவருடைய அமைச்சரையும் நிற்க வைத்தே விசாரித்தனர். அவர்களைச் சிறைப்பிடிக்க முயன்றபோது எழுந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் என்ற அதிகாரி கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார். அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் அமைத்த குழு இதை விசாரித்தது. தவறு ஜாக்சன் பக்கம் என்று கண்டு அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். அமைச்சரை விடுவித்தனர். லூஷிங்டன் புதிய கலெக்டராக வந்தார். இத்துடன் சிக்கல் முடிந்திருக்கலாம். ஆனால் நிலத்தில் யாருடைய ஆணை செல்லும் என்ற கேள்வி அப்படியே நின்றது.

முதல் இடிப்பு: 1799

1799 மே மாதம் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மைசூர்ப் போர் முடிந்ததும் கம்பெனியின் படைகள் தெற்கே திரும்பின. செப்டம்பர் 5-ஆம் நாள் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். முதல் தாக்குதலில் கோட்டை விழவில்லை. கூடுதல் படை வருகிறது என்று அறிந்ததும் கட்டபொம்மனும் அவரைச் சேர்ந்தவர்களும் இரவோடு இரவாகக் கோட்டையை விட்டு வெளியேறினர். சிவசுப்பிரமணிய பிள்ளை நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்ட கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

அதன்பின் நடந்தவை நம் பொருளுக்கு முக்கியமானவை. கட்டபொம்மனுக்குத் துணை நின்ற பாளையங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடிக்கப்பட்டது. மற்றப் பாளையக்காரர்களும் தத்தம் கோட்டைகளை இடிக்க வேண்டும், துப்பாக்கியையும் ஈட்டியையும் ஒப்படைக்க வேண்டும் என்று பானர்மேன் ஆணையிட்டார். அந்த ஆணையை உலோகத் தகட்டில் பொறித்து எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைக்கவும் செய்தார்.

கம்பெனியின் பக்கம் நின்றவர்களின் கோட்டைகளும் தப்பவில்லை. ஆகவே பானர்மேனின் நோக்கம் கட்டபொம்மன் ஒருவரைத் தண்டிப்பதோடு முடியவில்லை. கோட்டை உள்ள வீடு என்ற ஒன்றே இனி நெல்லைச் சீமையில் இருக்கக் கூடாது என்பது அந்த ஆணையின் பொருள்.

ஆறு நாளில் எழுந்த கோட்டை: 1801

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் சேவத்தையாவும் உறவினர்களும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தனர். 1801 பிப்ரவரி 2 அன்று அவர்கள் தப்பினர். விறகுச் சுமை கொண்டுவருவோர் போல வேடமிட்டு வந்தவர்கள் சுமைக்குள் ஆயுதங்களை மறைத்து எடுத்து வந்தார்கள் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. தப்பியவர்கள் அன்றிரவே ஏறத்தாழ 30 மைல் கடந்து பாஞ்சாலங்குறிச்சியை நோக்கி ஓடினர். ஓடியவர்கள் காட்டுக்குள் ஒளியவில்லை; இடிந்து கிடந்த வீட்டுக்கே திரும்பினர்.

ஒரு வாரத்திற்குள் மேஜர் மெக்காலே படையுடன் வந்தார். தரைமட்டமான இடத்தைக் காண்போம் என்று எண்ணி வந்தவரின் கண்முன் முழுக் கோட்டை நின்றது. ஏறத்தாழ ஆறு நாளில் அது எழுப்பப்பட்டிருந்தது. கற்சுவராக இருந்திருந்தால் இது முடியாது. மண்ணும் நீரும் ஆயிரக்கணக்கான கைகளும் இருந்ததால் முடிந்தது. அந்தக் கைகளுக்குக் கூலி கொடுக்க அப்போது பாளையக்காரர் என்று ஒருவரும் இல்லை. பாளையம் காகிதத்தில் கம்பெனிக்குப் போய் ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. இருந்தும் சுற்றுவட்டார மக்கள் வந்து சுவர் எழுப்பினர். நிலம் இன்னும் அந்த வீட்டின் பேச்சைக் கேட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மார்ச் 31 அன்று மெக்காலே தாக்கினார். சுவரில் உடைப்பு உண்டான பின்னும் அதில் ஏறிய படையால் உள்ளே இறங்க முடியவில்லை. முன்வரிசையில் சென்ற 120 ஐரோப்பியரில் 46 பேரே காயமின்றித் திரும்பினர் என்கிறார் வெல்ஷ். பிறகு கர்னல் அக்னியூ பெரும் பீரங்கிகளுடன் வந்தார். 1801 மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. ஊமைத்துரை தப்பிச் சென்று சிவகங்கையில் மருது சகோதரர்களுடன் சேர்ந்தார். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். பிடிபட்ட ஊமைத்துரையையும் சேவத்தையாவையும் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து நவம்பர் 16 அன்று கொன்றனர். தண்டனைக்குத் தேர்ந்தெடுத்த இடம் அவர்களுடைய வீட்டு வாசல்.

ஆமணக்கும் உப்பும்

இடித்தால் மட்டும் போதாது என்பதை 1801 பிப்ரவரி கம்பெனிக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. எனவே இரண்டாம் முறை அவர்கள் மூன்று காரியங்களைச் செய்தனர்.

முதலாவது, கோட்டையைத் தரைமட்டமாக்கினர். இரண்டாவது, அந்த இடத்தை ஏர் பூட்டி உழுது, ஆமணக்கும் உப்பும் விதைத்தனர். ஆளில்லாத பாழிடத்தில் ஆமணக்கு முளைப்பது நம் ஊர் வழக்கில் அழிவின் அடையாளம். உப்புப் படிந்த மண்ணில் பயிர் விளையாது. இனி இங்கே ஒருவரும் குடியேறக் கூடாது என்பது அதன் பொருள். எதிரியின் ஊரைக் கழுதை பூட்டிய ஏரால் உழுது வரகும் கொள்ளும் விதைத்ததாகப் பழந்தமிழ் மன்னர்களைப் பற்றியும் படித்திருக்கிறோம். மூன்றாவது, மாவட்டக் கணக்குப் புத்தகங்களிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே நீக்கினர். திருநெல்வேலி வரலாற்றை 1881-இல் எழுதிய கால்டுவெல் பாதிரியாரும் இந்த அழிவைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்த மூன்றாவது செயலைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. பட்டாவும் அடங்கலும் கையில் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். கணக்கில் ஊர் இல்லை என்றால் அந்த ஊரின் பேரில் வரி இல்லை. வரி இல்லை என்றால் உரிமை இல்லை. உரிமை இல்லை என்றால் நாளை ஒரு வாரிசு வந்து, "இது என் பாட்டன் பூமி" என்று கேட்க வழியில்லை. சுவரை அழித்தது பீரங்கி. உரிமையை அழித்தது கணக்குப் பிள்ளையின் எழுத்தாணி.

நிலம் யாருக்குப் போனது?

பறிமுதல் செய்த நிலத்தைக் கம்பெனி தானே வைத்துக்கொள்ளவில்லை. போரில் தனக்குத் துணை நின்ற எட்டயபுரம், மணியாச்சி முதலிய பாளையங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 1801 ஜூலை 31 அன்று செய்த கர்நாடக உடன்படிக்கையால் நெல்லைச் சீமை முழுவதும் கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. பிறகு நிரந்தர நிலவரித் திட்டத்தின்கீழ் பாளையங்கள் ஜமீன்கள் ஆயின. பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். படை போனது, காவல் உரிமை போனது, வழக்குத் தீர்க்கும் உரிமையும் போனது. வரி வசூலித்துக் கட்டும் வேலை மட்டும் மிஞ்சியது. தவறினால் ஜமீன் ஏலத்துக்கு வரும்.

இந்த மாற்றத்தில் மக்களுக்கு நன்மையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. பாளையக்காரர்களுக்குள் ஓயாத எல்லைச் சண்டை இருந்தது. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இருந்த பகை ஊரறிந்தது. காவல் என்ற பேரில் அயல் ஊர்களில் கட்டாய வசூல் நடந்ததும் உண்டு. ஆனால் அந்தக் குறைகளைத் தீர்க்க ஓர் ஊரின் பெயரை அழிக்க வேண்டிய தேவை இல்லை.

வென்றவர் வீடும் நிலைக்கவில்லை. எட்டயபுரம் ஜமீன் நெல்லைச் சீமையின் பெரிய ஜமீன்களில் ஒன்றாக வளர்ந்தது. கலைகளையும் ஆதரித்தது. முத்துசாமி தீட்சிதர் 1835-இல் அந்த ஊரில்தான் மறைந்தார். அவருடைய சமாதி அங்கே உள்ளது. 1882-இல் அங்கே பிறந்த சுப்பிரமணியன், அந்த அவையோரால்தான் சிறுவயதில் பாரதி என்று அழைக்கப்பட்டார். ஆனால் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும் எட்டயபுரமும் தன் நிலத்தை இழந்தது. நிலம் போனபின் அரண்மனையைப் பராமரிப்பது கடினம். செட்டிநாடு முதல் சேத்தூர் வரை, பெரிய வீடுகள் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது தெரியும்.

இங்கிலாந்தில் மறைந்த மாளிகைகள்

பாஞ்சாலங்குறிச்சியை இடித்த அதிகாரிகளின் சொந்த நாட்டிலும் பிற்காலத்தில் இதே போன்ற ஒரு கதை நடந்தது. இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் பிரபுக்களுக்குப் பெரிய மாளிகைகள் இருந்தன. ஒவ்வொரு மாளிகையையும் சுற்றி ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணை நிலம் உண்டு. குத்தகைக்காரர் தரும் பணத்தில்தான் மாளிகை நின்றது. 1870-களில் அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் வந்து இறங்கவே குத்தகை வருமானம் சரிந்தது. 1894-இல் சொத்துக்காரர் இறந்தால் வாரிசு கட்ட வேண்டிய வரி வந்தது. பின்னர் இரண்டு உலகப் போர்கள். வரி கட்ட நிலத்தை விற்றார்கள். நிலம் போனபின் மாளிகையைக் காக்க முடியாமல், உரிமையாளர்களே ஆள் வைத்து இடித்து, மரத்தையும் கல்லையும் ஈயத்தையும் விற்றார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகள் இவ்வாறு மறைந்தன. நாட்டிங்காம்சயர் பகுதியில் நியூகாசில் கோமகன்களுக்குச் சொந்தமாக இருந்த கிளம்பர் மாளிகை 1938-இல் இடிக்கப்பட்டது. அதன் பூங்காவும் காடும் இன்று அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. மாளிகை நின்ற இடத்தைத் தரையில் அடையாளம் காணலாம்.

இரண்டு கதைகளுக்கும் ஒற்றுமை ஒன்று: நிலமே வீட்டைத் தாங்குகிறது. வேற்றுமையும் ஒன்று உண்டு. அங்கே முதலில் நிலம் போனது, பிறகு வீடு விழுந்தது, இடித்தவர் உரிமையாளர், பெயரும் வரைபடமும் புகைப்படமும் மிஞ்சின. இங்கே நிலத்தைப் பிடிப்பதற்காகவே வீடு இடிக்கப்பட்டது, இடித்தவர் எதிரி, பெயரையும் மிஞ்ச விடவில்லை. எட்டயபுரம் முதலிய ஜமீன்களின் முடிவு இங்கிலாந்து மாளிகைகளின் முடிவைப் போன்றது. பாஞ்சாலங்குறிச்சியின் முடிவு அப்படிப்பட்டதன்று.

பெயர் திரும்பி வந்த வழி

கணக்கிலிருந்து நீக்கிய பெயரை மக்களின் நாவிலிருந்து நீக்க முடியவில்லை. கட்டபொம்மு கதைப்பாடல் ஊர் ஊராகப் பாடப்பட்டது. கூத்தாகவும் நடிக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அந்த ஊரின் பதிவேட்டைக் காத்தவர்கள். பிற்காலத்தில் பேராசிரியர் நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். செகவீரபாண்டியனார் பாஞ்சாலங்குறிச்சி வீர சரித்திரம் எழுதினார். ம.பொ. சிவஞானம் கட்டபொம்மனை விடுதலைப் போரின் முன்னோடியாக நிலைநிறுத்தினார். 1959-இல் பி.ஆர். பந்துலு இயக்கிச் சிவாஜி கணேசன் நடித்த திரைப்படம் வந்தது. அதன்பின் அந்தப் பெயர் இல்லாத வீடே தமிழ்நாட்டில் இல்லை.

தொல்லியல் துறை 1968–69-இல் பழைய கோட்டை இருந்த மேட்டில் அகழாய்வு செய்தது. அரண்மனைக் கட்டடத்தின் அடித்தளப் பகுதிகள் வெளிப்பட்டன. 1974-இல் தமிழ்நாடு அரசு நினைவுக் கோட்டையை எழுப்பியது. அதே 1974-இல்தான் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், இங்கிலாந்தில் அழிந்த மாளிகைகளைப் பற்றிய புகழ்பெற்ற கண்காட்சி நடந்தது. தற்செயல் ஒற்றுமைதான். ஆனாலும் மாணவர்கள் நினைவில் வைக்கத்தக்கது.

இன்று அங்கே காண்பது

நினைவுக் கோட்டைக்குள் கட்டபொம்மனின் சிலையும், போர்க் காட்சிகளைச் சித்திரிக்கும் ஓவியங்களும் உள்ளன. பெரும்பாலோர் இவற்றைப் பார்த்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அருகில் வீரசக்கதேவி ஆலயம் இருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் அதன் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்து இளைஞர்கள் தொடர் ஜோதி ஏந்தி ஓடி வருகிறார்கள். ஒருவரும் வாழக் கூடாது என்று உப்பு விதைத்த இடத்திற்குத்தான் அவர்கள் ஓடி வருகிறார்கள்.

மாணவர்கள் தவறாமல் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, பழைய கோட்டை நின்ற மேடு. அங்கே உயரமாக ஒன்றும் இல்லை. தரையோடு தரையாகக் கிடக்கும் செங்கல் வரிசைகளே அசல். மற்றொன்று, அருகில் உள்ள ஆங்கிலேயப் படைவீரர்களின் கல்லறைகள். இடித்தவர்களின் கல்லறை நின்றது. இடிக்கப்பட்டவர்களின் வீடு நிற்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் மாணவருக்கு 1801-ஐப் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

விருதுநகர் மாவட்டத்து மாணவர்கள் இன்னொன்றையும் செய்யலாம். பறிமுதல் பட்டியலில் பாஞ்சாலங்குறிச்சிக்கு அடுத்து இருந்த ஏழாயிரம்பண்ணை நம் மாவட்டத்தில், வெம்பக்கோட்டை வட்டத்தில் இருக்கிறது. அதற்கு நினைவுக் கோட்டை இல்லை, திரைப்படம் இல்லை. துப்பாக்கியும் ஈட்டியும் கூடாது என்று ஆணை பெற்ற அந்த மானாவாரிப் பூமியில் இன்று பட்டாசுத் தொழில் நடக்கிறது. பாளையக் காலத்தைப் பற்றி அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் இடப்பெயர்களையும், கோயில் மரியாதைகளையும், பழைய கிணறுகளையும் இப்போதே குறித்து வைத்தால் நாளை அவை சான்றாகும். பாடல் பாடுவோர் இருந்ததால் பாஞ்சாலங்குறிச்சி பிழைத்தது. பாடுவோர் இல்லாத ஊர்களுக்கு எழுதுவோராவது வேண்டும்.

முடிவுரை

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மூன்றரை ஏக்கர் மண் சுவர்தான். கலையழகாலோ அளவாலோ அது பெயர் பெறவில்லை. அது ஒரு பாளையத்தின் நடுவீடாக இருந்தது. சுற்றியிருந்த மக்கள் அதைத் தம் அரசாக ஏற்றிருந்தனர். அதனால்தான் கம்பெனிக்கு அதை வெல்வது மட்டும் போதவில்லை. இடிக்கவும், உழவும், கணக்கிலிருந்து பெயரை அடிக்கவும் வேண்டியிருந்தது.

எனவே, "கட்டபொம்மன் இந்தக் கோட்டையில்தான் இருந்தாரா?" என்று பிள்ளைகள் கேட்டால், ஆசிரியர்கள் அவர்களை நினைவுக் கோட்டையின் வாயிலிலிருந்து பழைய மேட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். "அவர் இருந்த வீடு இது. இதை இடித்துவிட்டார்கள். நீங்கள் முதலில் பார்த்தது, இடித்ததை மறக்காமல் இருப்பதற்காக நாம் கட்டியது" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் இரண்டு கட்டடங்களுக்கும் உரிய மதிப்பு கிடைக்கும். பிள்ளைகளுக்கும் உண்மை கிடைக்கும்.